ஓசூர் ரோஜா பேக்கிங் ஷெட்காரர்களுக்கு ஒரு திறந்த மடல்

ஓசூர், பாகலூர், தளி, தேன்கனிக்கோட்டைப் பக்கம் பசுமைக்குடிலில் ரோஜா போட்டு வெளிநாட்டுக்கு அனுப்பும் அண்ணன்மார்களுக்கும் அக்காமார்களுக்கும் வணக்கம்.

நான் கெலமங்கலத்துக்காரன். பெங்களூரு விமான நிலையத்தில் சரக்குப் பிரிவில் வேலை. காதலர் தினம் நெருங்கினால் நம்ம ஊர் தாஜ்மகால் ரோஜாதான் அங்கே மலையாகக் குவியும். பார்க்கப் பெருமையாகத்தான் இருக்கிறது. பெட்டி மேல் மார்க்கரில் எழுதியிருக்கும் எடையைப் பார்த்தால்தான் வயிறு கலங்குகிறது.

காலையில் ஒரே ஒரு பெட்டியை நிறுத்து, அந்த எடையையே எல்லாப் பெட்டியிலும் எழுதிவிடுகிறார்கள். அப்புறம் வாளியில் நின்ற தண்டு ஈரம் சொட்டச் சொட்ட உள்ளே போகிறது. ஈரப் பேப்பர் ஒரு சுற்று. இடம் இருக்கிறதே என்று இன்னும் இரண்டு கொத்து. 10 கிலோ என்று எழுதிய பெட்டி எங்கள் தராசில் பதினொன்றரை காட்டுகிறது. "அங்கேதான் திரும்ப எடை போடுறீங்களே" என்பீர்கள். போடுகிறோம். வித்தியாசம் வந்தால் பில்லைத் திருத்த வேண்டும். அதுவரை பூ வெளியே வாடும், டிரைவர் கெஞ்சுவார், ஏஜென்ட் கத்துவார். அந்த அவசரத்தில்தான் தப்பு நுழையும்.

விமானத்துக்கு மொத்த எடை எவ்வளவு, அது எங்கே உட்கார்ந்திருக்கிறது, இரண்டும் தெரிய வேண்டும். எந்த வேகத்தில் மூக்கைத் தூக்குவது என்பதே மொத்த எடையை வைத்துப் போடும் கணக்கு. எடையைக் குறைத்துச் சொன்னால் இறக்கைக்குத் தூக்குவிசை போதுமான அளவு வருமுன்பே விமானி மூக்கைத் தூக்குவார். வால் ஓடுபாதையில் உரசும். பின் அறையில் கனம் கூடினாலோ, மூக்கு நினைத்ததைவிட வேகமாக எழும். எக்ஸெல் வண்டியில் பின்னால் மூட்டையை ஏற்றிக் கட்டினால் முன்சக்கரம் தூக்குமே, அது போல.

2009 மார்ச் 20 அன்று மெல்போர்னில் எமிரேட்ஸின் ஏர்பஸ் ஏ340 விமானத்துக்கு 362.9 டன் என்று போட வேண்டிய இடத்தில் 262.9 என்று விழுந்துவிட்டது. ஒரே ஒரு இலக்கம். வால் தரையில் உரசி, ஓடுபாதை முடிந்தும் எழும்பாமல் தட்டுத்தடுமாறித்தான் மேலே போனது. உள்ளே இருந்த 275 பேரும் பிழைத்தார்கள்.

வால் உரசல் அன்றோடு தீர்கிற சமாச்சாரமும் இல்லை. 1978ல் ஒசாகாவில் ஒரு ஜப்பான் ஏர்லைன்ஸ் 747 வாலை உரசிக்கொண்டது. கேபின் காற்றழுத்தத்தைத் தாங்கும் பின்பக்கத் தடுப்பைப் பழுது பார்த்தபோது, இரண்டு வரிசை ரிவெட் பிடிக்க வேண்டிய இடத்தில் ஒரு வரிசைதான் பிடித்தது. ஏழு வருடம் பறந்து, 1985 ஆகஸ்ட் 12 அன்று அந்தத் தடுப்பு உடைந்தது. 520 பேர் போனார்கள். சீனா ஏர்லைன்ஸின் 747 ஒன்று 1980ல் ஹாங்காங்கில் வாலை உரசியது. கீறல்களை முழுதாக நீக்காமல் மேலே தகடு வைத்து மூடினார்கள். தகட்டுக்கு அடியில், யார் கண்ணுக்கும் படாமல் விரிசல் வளர்ந்தது. 2002 மே 25 அன்று நடுவானில் சிதறி 225 பேர் இறந்தார்கள். இந்த இரண்டு உரசலுக்கும் சரக்கு காரணம் என்று நான் சொல்லவில்லை. உரசினால் பின்னால் என்னவெல்லாம் வரும் என்பதற்காகச் சொல்கிறேன்.

அதனால்தான் எங்கள் வண்டி விமானத்தில் லேசாக இடித்தாலும் சொல்லியே ஆக வேண்டும். இன்ஜினியர் பார்த்துச் சரி என்று சொல்லும்வரை விமானம் நகராது. அப்படி ஒரு நாள் உங்கள் பூ தாமதமானால் போனில் எங்கள் பையன்களைத் திட்டாதீர்கள். திட்டுக்குப் பயந்து ஒருவன் வாயை மூடிக்கொண்டால் அதுதான் ஆபத்து.

உங்களிடம் கேட்பது இவ்வளவுதான். டேப் ஒட்டி முடித்த பிறகு ஒவ்வொரு பெட்டியையும் தராசில் வையுங்கள், காட்டுகிற எடையை எழுதுங்கள். வண்டி கிளம்பும் நேரத்தில் ஒரு பெட்டி கூடினால் ஏஜென்டுக்குப் போன் போட்டுக் கணக்கைத் திருத்தச் சொல்லுங்கள். சீசனுக்கு முன்னால் தராசின் முத்திரையைப் புதுப்பித்துவிடுங்கள். பல ஷெட்களில் அது காலாவதியாகிக் கிடக்கிறது.

இப்படிக்கு,
கெலமங்கலத்துச் சரக்குப் பிரிவு ஊழியன்