செயலாளரின் ஆண்டறிக்கை

தலைவர் அவர்களுக்கும், முன்வரிசையில் அமர்ந்திருக்கும் மூத்த ஓவியர்களுக்கும், போர்டு எழுத்து, டிடிபி, பிளெக்ஸ் டிசைன், ஸ்கிரீன் பிரிண்டிங் என்று பல வேலைகளிலிருந்து வந்திருக்கும் உறுப்பினர்கள் அனைவருக்கும் வணக்கம்.

வழக்கமான விஷயங்களை முதலில் சொல்லிவிடுகிறேன். மாதக் கூட்டங்கள் பழைய வண்ணாரப்பேட்டையில் தடையில்லாமல் நடந்தன. மழைக்காலத்தில் வேலை இல்லாமல் இருந்தவர்களுக்குச் சங்க நிதியிலிருந்து கைமாற்று கொடுத்தோம். வரவு செலவைப் பொருளாளர் வாசிப்பார்.

இந்த ஆண்டு நமக்குப் பெரிய விஷயமாக அமைந்தது, டிசைன் தொழிலுக்கென்றே வெளிவந்த பத்திரிகைகளைப் பற்றிய தொடர் பேச்சு. அதில் அமெரிக்காவின் 'பிரிண்ட்' பத்திரிகையைப் பற்றித்தான் அதிகம் பேசினோம். 1940இல் வில்லியம் எட்வின் ரட்ஜ் அதைத் தொடங்கினார். அதே பெயர் கொண்ட அவருடைய அப்பா பேர்பெற்ற அச்சகக்காரர். காலாண்டிதழாக வந்த காலத்தில் அச்சுக்கலைதான் அதன் உயிர். அப்புறம் போஸ்டர், விளம்பரம், பேக்கிங் என்று எல்லைகள் விரிந்தன. 1960களில் வந்த ஆசிரியர் மார்ட்டின் ஃபாக்ஸ் சுமார் 40 ஆண்டுகள் அதிலேயே இருந்து அதை வளர்த்தார். ஒரு தொழில் பத்திரிகைக்கு அப்படி ஒருவர் வாய்ப்பது பெரிய கொடுப்பினை.

1959இல் கலிபோர்னியாவில் ரிச்சர்ட் காய்னும் ராபர்ட் பிளான்சார்டும் 'கம்யூனிகேஷன் ஆர்ட்ஸ்' பத்திரிகையைத் தொடங்கி, ஆஃப்செட்டில் அச்சடித்தார்கள். ஈய எழுத்துகளைக் கோத்து அச்சடிக்கும் லெட்டர்பிரஸ்ஸில் வேலை பார்த்த நம் பெரியவர்களுக்கு இதன் அருமை தெரியும். அங்கே ஒவ்வொரு படத்துக்கும் தனியாக பிளாக், அதாவது உலோக அச்சு, செய்ய வேண்டும். ஆஃப்செட்டில் எழுத்தையும் படத்தையும் பிலிம் எடுத்து ஒரே பிளேட்டில் ஏற்றிவிடலாம். படமே பாடமாக இருக்கும் பத்திரிகைக்கு இதைவிட வேறென்ன வேண்டும்?

கூட்டத்தில் எல்லோரையும் நிமிர்ந்து உட்கார வைத்தது 'பிரிண்ட்' வெளியிட்ட வட்டார ஆண்டு மலர். நியூயார்க்கில் இருப்பவர்களின் வேலைதான் வேலை என்றிருந்த நிலையில், 1980களின் தொடக்கத்திலிருந்து அந்த மலர் நாட்டை ஆறு வட்டாரங்களாகப் பிரித்தது. தெற்கு, மத்திய மேற்கு என்று ஒவ்வொரு பகுதியிலிருந்தும் தேர்ந்த வேலைகளை வெளியிட்டது. செய்தவர் யார், யாருக்காகச் செய்தது என்ற விவரமும் கூடவே இருக்கும். சிறிய ஊரில் தனியாக உட்கார்ந்து வரைந்தவரின் பெயரும் அச்சில் வந்தது. ஒன்றையும் சொல்ல வேண்டும்: வேலையை அனுப்ப நுழைவுக் கட்டணம் உண்டு. கட்ட முடியாதவர்கள் வெளியே நின்றிருப்பார்கள். நாம் அந்த வழியில் போகக் கூடாது என்பது என் உறுதியான கருத்து.

'பிரிண்ட்' 2017இல் அச்சில் வருவது நின்றது. ஆனாலும் பழைய இதழ்களைப் புரட்டினால் எந்த போஸ்டர் யார் கைவண்ணம் என்று இன்றும் தெரிந்துகொள்ளலாம். ராயபுரத்திலும் தண்டையார்பேட்டையிலும் வியாசர்பாடியிலும் எழுதிய கடை போர்டுகளுக்கும் கட்டவுட்டுகளுக்கும் அப்படி ஒரு பதிவு எங்கே இருக்கிறது? பிளெக்ஸ் வந்ததும் பலகைகள் இறங்கின, எழுதியவர்களின் பெயர்களும் அதோடு போயின. 1978 எழுத்துச் சீர்திருத்தத்துக்கு முந்தைய 'லை', 'னை' எழுத்துகள் துதிக்கை போன்ற பழைய வளைவோடு நிற்கும் போர்டு ஒன்றிரண்டு இன்னும் நம் தெருக்களில் இருக்கலாம். அடுத்த பெயின்ட் அடிப்பதற்குள் அவற்றைப் படம் எடுத்தாக வேண்டும்.

ஆகவே செயற்குழு ஒரு முடிவு எடுத்திருக்கிறது. வடசென்னை வேலைகளுக்கென்று ஆண்டுக்கு ஒரு மலர் கொண்டுவருவோம். கட்டணம் கிடையாது. பிரஷ்ஷில் எழுதியதும் கம்ப்யூட்டரில் கோரல் டிரா கொண்டு செய்ததும் ஒரே மலரில் வரும். எழுதியவர் பெயர், கடை இருந்த தெரு, தெரிந்தால் ஆண்டு, இவை இல்லாமல் எந்தப் படமும் அச்சேறாது. மறைந்துபோன ஓவியர்களின் பெயர்களை அவர்களுடைய குடும்பத்தாரிடம் நேரில் கேட்டு வாங்கும் பொறுப்பை இளைய உறுப்பினர்கள் ஏற்றிருக்கிறார்கள். அவர்களுக்கு நம் நன்றி.

பழைய போட்டோ, ஸ்கெட்ச், ஸ்டென்சில் வைத்திருப்பவர்கள் கூட்டம் முடிந்ததும் என்னிடம் சொல்லுங்கள். நகல் எடுத்துக்கொண்டு மூலத்தை உங்களிடமே திருப்பிக் கொடுத்துவிடுவோம். மலருக்கு ஆகும் அச்சுச் செலவைப் பற்றிப் பொருளாளர் இப்போது பேசுவார்.

இப்படிக்கு,
செயலாளர்