வாசலில் கட்டிவிட்டுப் போகும் முன் 14 நாள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். பள்ளி, மருத்துவமனை, பேருந்து நிலையம், ரயில் நிலைய வளாகங்களில் திரியும் நாய்களுக்குக் கருத்தடையும் தடுப்பூசியும் செய்து காப்பகங்களில் வைக்க வேண்டும் என்று 2025 நவம்பரில் உச்ச நீதிமன்றம் உத்தரவிட்டது. அதிலிருந்து புதிய காப்பகங்களைப் பற்றிய பேச்சு எங்கும் கேட்கிறது. வட சென்னையில் கைவிடப்பட்ட விலங்குகளைப் பராமரிக்கும் எங்களுக்கு அதில் மகிழ்ச்சிதான். ஆனால் எத்தனை கூண்டு என்பதோடு கேள்வி நின்றுவிடுகிறது. எத்தனை நாள், எத்தனை ஆள் என்று யாரும் கேட்பதில்லை.

நாளுக்கு ஒரு நாய் வருகிறது என்று வைத்துக்கொள்வோம். ஒவ்வொன்றும் தத்துப் போக 45 நாள் ஆனால் எப்போதும் 45 இடம் வேண்டும். அதே நாய்கள் 90 நாள் தங்கினால் 90 இடம். வரத்து ஒன்றுகூட ஏறவில்லை, செலவு மட்டும் இரட்டிப்பாகிவிட்டது. ஒரு நாய்க்குக் கூண்டு கழுவ, சோறு வைக்க, தண்ணீர் மாற்ற நாளுக்கு 15 நிமிடமாவது பிடிக்கும். எட்டு மணி நேரம் நிமிராமல் வேலை செய்தாலும் ஒருவரால் 32 நாய்தான். மருந்து கொடுப்பது, புண்ணில் புழு எடுப்பது, கட்டுப் போடுவது எல்லாம் தனி. ஆகவே 60 நாய்க்கு இரண்டு பேர், வார விடுப்புக்கு மூன்றாவது ஆள். அந்த மூன்றாவது ஆள் இல்லாத இடத்தில் முதலில் குறைவது கழுவும் வேலை. அடுத்த வாரமே குட்டிகள் ரத்தபேதியில் சாகத் தொடங்கும்.

அந்த ரத்தபேதியைத் தரும் பார்வோ கிருமி மண்ணிலும் சிமென்ட் விரிசலிலும் மாதக்கணக்கில் கிடக்கும். வாசனைப் பினாயிலுக்கு அது அசையாது. பூனைக்கோ பினாயிலே நஞ்சு, ஈரத் தரையில் நடந்துவிட்டுப் பாதத்தை நக்கினாலே போதும். பிளீச்சிங் பவுடர்தான் எங்களுக்குக் கைகொடுக்கிறது, அதையும் முறையோடு போட வேண்டும். மலத்தை வழித்தெடுத்து, சோப்புத் தூள் போட்டுத் தேய்த்து, நன்றாக அலசிய பிறகே பிளீச்சிங். அழுக்கின் மேல் ஊற்றினால் அழுக்கே அதன் வீரியத்தைத் தின்றுவிடும். 10 லிட்டர் தண்ணீருக்கு சுமார் 70 கிராம் கரைத்து, சுண்ணாம்பு அடியில் தங்கியதும் தெளிந்த நீரை மட்டும் ஊற்றி, 10 நிமிடம் விட்டு, அலசிக் காயவிட வேண்டும். சிறுநீர் தேங்கிய தரையில் நேரே ஊற்றினால் கண்ணையும் நெஞ்சையும் எரிக்கும் புகை கிளம்பும். கழிவறை ஆசிட்டோடு கலந்தால் குளோரின் வாயு வரும், ஆளையே சாய்த்துவிடும். பவுடர் மூட்டையை வாய் திறந்து வைத்தால் நம் கடலோரக் காற்றின் ஈரத்தில் வீரியம் இறங்கிவிடும். திறந்ததும் மூக்கில் ஏறாத பவுடரை வாங்காதீர்கள்.

புதிதாகக் கட்டுகிறவர்கள் பெரும்பாலும் தவறுவது வடிகாலில். ஒரு கூண்டுக்குள் ஓடும் தண்ணீர் அடுத்த கூண்டு வழியாகப் போனால், முதல் கூண்டின் நோய் கடைசிக் கூண்டு வரை போய்ச் சேரும். ஒவ்வொரு கூண்டின் தரையும் 50 அடிக்கு ஓர் அடி என்ற கணக்கில் சரிந்து, வெளியே ஓடும் கால்வாயில் தனித்தனியாக விழ வேண்டும். சுவர் விரிசல்களையும் அவ்வப்போது பூச வேண்டும், உண்ணி ஏறி முட்டையிடுவது அங்கேதான். நாய்க்கு மட்டும் மருந்து தடவிவிட்டுச் சுவரை விட்டால் உண்ணிக் காய்ச்சல் திரும்பத் திரும்ப வரும்.

புதிதாக வரும் எந்த விலங்கும் 14 நாள் தனியறையில் இருக்க வேண்டும். வேலை ஆரோக்கியமான குட்டிகளிடம் தொடங்கி, பெரியவை, புதியவை, கடைசியில் நோயாளிகள் என்ற வரிசையில் நடக்க வேண்டும். நோயறைக்குத் தனி விளக்குமாறு, தனி பக்கெட், தனி ரப்பர் செருப்பு. வந்த அன்றே தடுப்பூசி போட்டுவிட வேண்டும். குட்டிகளுக்கு 6 வார வயதில் தொடங்கி 16 வாரம் வரை 3 அல்லது 4 வார இடைவெளியில் திரும்பவும் போட வேண்டும். ரேபிஸ் ஊசி மூன்று மாத வயதில். ஊசி மருந்து 2 முதல் 8 டிகிரிக்குள் இருக்க வேண்டும் என்பதால், மின்வெட்டுக்கென்று ஓர் ஐஸ் பெட்டி தயாராக இருக்கட்டும். ஊழியர்களுக்கும் கடிபடும் முன்பே ரேபிஸ் ஊசி போட்டிருக்க வேண்டும். அப்படிப் போட்டிருந்தாலும், கடித்த இடத்தை 15 நிமிடம் சோப்புப் போட்டு ஓடும் தண்ணீரில் கழுவிவிட்டு மருத்துவமனைக்குப் போயாக வேண்டும்.

மணலி, எண்ணூர், மாதவரம் பக்கம் இடம் பார்ப்பவர்கள் 2023 டிசம்பர் வெள்ளத்தை மனதில் வைத்துத் தரையை உயர்த்துங்கள். சுற்றியிருப்பவர்களிடம் தண்ணீர் எந்த மட்டத்துக்கு வந்தது என்று கேட்டு, அதற்கும் மேல் ஓர் அடி. சங்கிலியில் கட்டி வளர்ப்பது கூடவே கூடாது, வெள்ளத்தில் முதலில் சாவது கட்டிய நாய்தான். அந்த டிசம்பரில் எண்ணூர் கழிமுகத்தில் பரவிய எண்ணெயைப் போல ஏதேனும் விலங்கின் மேல் படிந்தால் மண்ணெண்ணெய் விட்டுத் துடைக்காதீர்கள். பாத்திரம் கழுவும் திரவமும் வெதுவெதுப்பான நீரும் போதும், கழுவி முடியும்வரை நக்கவிடக் கூடாது.

சாப்பாட்டுக் கணக்கு எளிது. 15 கிலோ நாய்க்கு நாளுக்கு 100 கிராம் அரிசியும் 200 கிராம் கோழியும். 60 நாய்க்கு 6 கிலோ அரிசி, 12 கிலோ கோழி. எலும்பை நீக்கிவிடுவதால் சுண்ணாம்புச்சத்து குறையும். கொதிக்கவைத்துக் காயவைத்த முட்டை ஓட்டை மாவாக அரைத்து, ஒரு கிலோ வெந்த சோற்றுக்கு ஒரு தேக்கரண்டி கலக்க வேண்டும். இல்லாவிட்டால் வளரும் குட்டிகளுக்குக் கால் வளையும். கல்யாண மண்டபத்தில் மிஞ்சிய பிரியாணியை அன்போடு கொண்டுவருகிறவர்களுக்கு மறுப்புச் சொல்வது எங்களுக்கும் சங்கடம்தான். ஆனால் வெந்த எலும்பு சிம்பு சிம்பாக உடைந்து குடலைக் குத்தும், வெங்காயம் நாயின் ரத்தத்தைக் கெடுக்கும். பிறந்தநாளன்று ஒரு வேளை விருந்துக்குக் கொடுப்பதை, மாதம் ஒரு சிப்பம் அரிசியாகவோ ஒரு நாய்க்கான ஊசிச் செலவாகவோ பிரித்துக் கொடுத்தால் கணக்கு நிற்கும். பழைய பருத்தித் துண்டு, போர்வை, படித்து முடித்த இந்தச் செய்தித்தாள்கூட எங்களுக்கு வேண்டும். தலையணை மட்டும் வேண்டாம், உள்ளே இருக்கும் பஞ்சை விழுங்கிக் குடல் அடைத்துக்கொள்ளும்.

பச்சைக்கிளியும் நட்சத்திர ஆமையும் 1972 வன உயிரினப் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ் வருபவை. அவற்றை எங்களிடம் தராமல் வனத்துறையிடம் ஒப்படையுங்கள்.

எங்கள் பெரிய வேண்டுகோள், வளர்த்த நாயையோ பூனையையோ விட்டுவிட வேண்டிய நிலையில் இருப்பவர்களுக்கு. வீடு மாறுகிறீர்கள், குழந்தைக்கு ஒவ்வாமை, வேலை போய்விட்டது, எதுவானாலும் நாங்கள் குறை சொல்ல மாட்டோம். இரவோடு இரவாக வாசல் கேட்டில் கட்டிவிட்டு மட்டும் போகாதீர்கள். முன்கூட்டியே சொல்லி, அந்த 14 நாளை உங்கள் வீட்டிலேயே கழிக்கவிடுங்கள். அது காப்பகத்தில் கிடைக்காத தனியறை. அதற்குள் வேப்பேரி கால்நடை மருத்துவக் கல்லூரி மருத்துவமனையிலோ அருகில் உள்ள கால்நடை மருத்துவரிடமோ ஊசி போட்டு, வெளிச்சத்தில் நல்லதாக நான்கு படம் எடுத்து அனுப்பினால், பல நேரம் அது கூண்டுக்கு வராமலே புது வீட்டுக்குப் போய்விடும்.

கூடவே ஒரு தாளில் எழுதித் தாருங்கள்: பெயர், வயது, ஊசி போட்ட தேதிகள், கருத்தடை ஆனதா, வழக்கமாக என்ன சாப்பிடும், குழந்தைகளோடும் மற்ற நாய்களோடும் எப்படி, யாரையாவது கடித்திருக்கிறதா. கடித்ததை மறைக்க வேண்டாம். தெரிந்தால் அதற்கேற்ற வீட்டைத் தேடுவோம்.

இப்படிக்கு,
விலங்குக் காப்பகப் பணியாளர்கள் சிலர்,
வட சென்னை