வாக்களிப்பு நிலையங்களில் தமிழ் விளக்கத்தாள் வைக்கக் கோரும் மனு

அனுப்புநர்:
இந்தப் பரோவில் (லண்டன் உள்ளாட்சிப் பகுதியில்) வாழும் தமிழ் வாக்காளர்கள்

பெறுநர்:
தெரிவத்தாட்சி அலுவலர் (தேர்தலை நடத்தும் அதிகாரி) அவர்கள்,
பரோ கவுன்சில், லண்டன்

பொருள்: 2026 மே 7 கவுன்சில் தேர்தலுக்குத் தமிழில் விளக்கத்தாள் வேண்டுதல்

மதிப்புக்குரிய ஐயா / அம்மா,

எங்கள் வட்டாரத்துக்கு மூன்று கவுன்சிலர்கள். ஒரே வாக்குச்சீட்டில் மூன்று புள்ளடி (X) வரை போடலாம். எங்கள் வயதுபோனவர்களில் பலருக்கு இது தெரியாது. ஊரில் கட்சிக்கு ஒரு புள்ளடி போட்டுப் பழகியவர்கள் இங்கும் ஒன்றோடு நிறுத்திவிட்டுச் சீட்டை மடித்துப் பெட்டியில் போட்டுவிடுகிறார்கள். இலங்கை ஜனாதிபதித் தேர்தல் மாதிரி 1, 2, 3 என்று இலக்கமிட வேண்டுமா என்று கேட்பவர்களும் இருக்கிறார்கள். நான்கு ஆண்டுக்கு ஒருமுறை வரும் உரிமையில் மூன்றில் இரண்டு பங்கு இப்படி வீணாகிறது. எங்களுக்கு இதுதான் பெரிய கவலை.

அப்புறம் அடையாள அட்டை. 2022 மே தேர்தலில் வெறுங்கையோடு போய் வாக்களித்தவர்கள் இம்முறை படமுள்ள அட்டை காட்ட வேண்டும். 2024 லண்டன் மேயர் தேர்தலன்று எங்கள் தெரு அம்மா ஒருவர், கடவுச்சீட்டைப் புதுப்பிக்கக் கொடுத்திருந்ததால் வாசலோடு திரும்பிவிட்டார். அவருடைய கைப்பையிலேயே ஃப்ரீடம் பாஸ் (முதியோருக்கான படமுள்ள இலவசப் பயண அட்டை) இருந்தது. அதுவே போதும் என்று சொல்ல அங்கே ஆளில்லை. ஆங்கிலத்தில் கேட்க அவருக்கும் கூச்சம்.

வாக்குச்சீட்டைத் தமிழில் அச்சிடும்படி நாங்கள் கேட்கவில்லை. அதற்குச் சட்டத்தில் இடமில்லை என்பது தெரியும். ஆனால் வாக்காளருக்குக் கொடுக்கும், நிலையத்தில் ஒட்டும் மற்ற அறிவித்தல்களை வேறு மொழிகளிலும் தர 1983ஆம் ஆண்டு மக்கள் பிரதிநிதித்துவச் சட்டத்தின் 199பி பிரிவு தங்களுக்கு அதிகாரம் தருகிறது. அந்த அதிகாரத்தைத் தமிழுக்கும் பயன்படுத்துங்கள் என்பதே எங்கள் கோரிக்கை.

ஒரு பக்கத் தாள் போதும். எத்தனை புள்ளடி, எந்தெந்த அட்டை செல்லும், இலங்கை, இந்தியக் கடவுச்சீட்டு உள்ள பொதுநலவாயக் குடிமக்களும் இங்கே வாக்களிக்கலாம் என்பவை அதில் இருக்கட்டும். பதிவுக்குக் கடைசி நாள் ஏப்ரல் 20. அட்டை இல்லாதவர்கள், அதற்குப் பதிலாகக் காட்டக்கூடிய இலவச வாக்காளர் சான்றிதழுக்கு ஏப்ரல் 28 மாலை 5 மணிக்குள் விண்ணப்பிக்க வேண்டும். ஆகவே தாள் தேர்தலன்று மட்டும் சுவரில் தொங்கினால் பயனில்லை, வாக்களிக்கும் நாளையும் இடத்தையும் சொல்லித் தபாலில் வரும் வாக்காளர் அறிவித்தல் அட்டையோடு வீட்டுக்கும் வர வேண்டும். மொழிபெயர்க்க நாங்கள் உதவுகிறோம். சரிபார்ப்பது தங்கள் அலுவலகமாகவே இருக்கட்டும்; எந்தக் கட்சிக்காரர் கையும் அதில் படக்கூடாது.

மனுவின் ஆங்கில வடிவமும் கையெழுத்துகளும் இணைப்பில் உள்ளன. தங்கள் பதிலை எழுத்தில் எதிர்பார்க்கிறோம்.

இப்படிக்கு,
தமிழ் வாக்காளர்கள்