தோளில் குத்தப்போகும் பூவைப் பற்றி

அன்புள்ள பாப்பா,

பச்சை குத்திக்கொள்ள நீ பார்த்து அனுப்பிய நாலு படத்தையும் பெரிதாக்கிப் பார்த்தேன். ஒரு சிவப்புச் செம்பருத்தி, நடுவில் மஞ்சள் ஏறிய வெள்ளை ஈழத்தலரி மூன்று, அவற்றுக்கு இடையே கறுப்பில் முக்கோணங்களும் பல்வரிசை மாதிரிக் கோடுகளும். வலது தோளில் ஆரம்பித்து முழங்கைக்குக் கொஞ்சம் மேலே முடிகிறது. "என்னம்மா சொல்றே?" என்று மட்டும் கேட்டிருக்கிறாய். போனில் பேசினால் பாதி விட்டுப்போகும். அதனால் உட்கார்ந்து எழுதுகிறேன்.

குத்தலாமா கூடாதா என்ற பேச்சே நமக்குள் வேண்டாம். உன் அம்மாச்சியின் கையைப் பிடித்துக்கொண்டு வளர்ந்தவள் நீ. இடது முன்கையின் உள்பக்கம் ஒரு புள்ளிக் கோலம் இருக்குமே, நினைவிருக்கிறதா? ஒன்பது புள்ளி, சுற்றிலும் வளைகோடு. ஓர் இடத்தில் மட்டும் கோடு சேராது. குறத்தி குத்தும்போது வலி பொறுக்காமல் கையை இழுத்துவிட்டார்களாம். அப்போது ஏழு வயது. அப்புறம் அந்தப் பக்கமே போகவில்லை. 78 வயதில் குளிப்பாட்டிக் கிடத்தியபோதும் அந்த இடைவெளி அப்படியே இருந்தது. நீ சின்னப் பிள்ளையில் அதில் விரலை வைத்து, "இது வாசல்" என்பாய். உடம்பில் ஏறினால் ஏறினதுதான். அதனால்தான் எந்தப் பூ என்பதில் கொஞ்சம் பிடிவாதம் பிடிக்கப்போகிறேன்.

போன வருஷம் ஹவாய்த் தீவில், ஹொனலூலூவில் உன்னோடு இருந்த மூன்று மாதமும், நீ பல்கலைக்கழகத்துக்குக் கிளம்பியதும் நான் செடி பார்க்கக் கிளம்பிவிடுவேன். முப்பது வருஷம் பிளஸ் டூ பிள்ளைகளுக்குத் தாவரவியல் சொல்லிக்கொடுத்த பழக்கம். அங்கே எனக்கு முதலில் பட்டது இதுதான்: ஹவாய்ப் பூ என்று துணியிலும் சோப்பிலும் போட்டு விற்பவற்றில் பலவும் அந்தத் தீவுகளில் பிறந்தவை அல்ல. ஈழத்தலரி, நீங்கள் ப்ளூமேரியா என்கிறீர்களே, அது மெக்சிகோ, மத்திய அமெரிக்கா பக்கத்துச் செடி. 1860-இல் ஹில்லெப்ராண்ட் என்ற ஜெர்மானிய மருத்துவர் அதை ஹவாய்க்குக் கொண்டுவந்தார். அவர் வீட்டுத் தோட்டம்தான் இன்றைய ஃபாஸ்டர் தாவரவியல் பூங்கா. நீ என்னை அங்கே விட்டுவிட்டு வேலைக்குப் போனாயே, அதே இடம். ஆந்தூரியம் கொலம்பியாவில் பிறந்து, லண்டன் வழியாக 1889-இல் வந்து சேர்ந்தது. பறவைத் தலை மாதிரி நீட்டிக்கொண்டு நிற்கும் ஆரஞ்சுப் பூ தென்னாப்பிரிக்காவுடையது.

வெளியிலிருந்து வந்தது என்பதற்காக ஈழத்தலரியை நான் ஒதுக்கமாட்டேன். விமான நிலையத்தில் நீ என் கழுத்தில் போட்ட லெய் மாலை அந்தப் பூதான். தலைமுறை தலைமுறையாகக் கோத்து வந்தவர்களுக்கு அது அவர்கள் பூதான். ஆனால் படத்துக்குக் கீழே "அழியாத காதல், புதிய தொடக்கம்" என்று எழுதியிருக்கிறதே, அதை என்னால் ஏற்க முடியவில்லை. உன் பக்கத்து வீட்டுப் பாட்டியம்மா என்னிடம் சொன்னது வேறு. அவர்கள் சிறுமியாக இருந்த காலத்தில் அது கல்லறைத் தோட்டத்துப் பூவாம். வீட்டுக்குள் கொண்டுவந்தால் பெரியவர்கள் முகம் சுளிப்பார்களாம். வருகிறவர்களுக்கெல்லாம் அதில் மாலை கோக்கத் தொடங்கியபின் அந்த எண்ணம் கரைந்துபோயிற்று. அவர்கள்தான் காதில் பூ வைக்கும் முறையையும் சொன்னார்கள். வலது காது என்றால் துணை இல்லை, இடது காது, இதயம் இருக்கும் பக்கம், என்றால் துணை உண்டு. நீ எதையும் யோசிக்காமல் இடது காதில் வைத்துக்கொண்டு கடற்கரைக்கு வந்ததைப் பார்த்து அவர்கள் சிரித்தது உனக்குத் தெரியாது.

செம்பருத்திக்கு வருகிறேன். அது ஹவாயின் மாநிலப் பூ என்பது சரி. ஆனால் 1988-இல் சட்டம் போட்டு மாநிலப் பூவாக வைத்தது மஞ்சள் நிறத்தில் பூக்கும் மஒ ஹௌ ஹெலே என்ற இனத்தை. அந்தத் தீவுகளைத் தவிர வேறெங்கும் இயற்கையாக முளைக்காத செடி. காட்டில் மிச்சம் இருப்பதும் கொஞ்சம்தான், அழியும் நிலையில் உள்ள இனமாக அரசே பட்டியலில் வைத்திருக்கிறது. உன் படத்தில் இருக்கும் சிவப்புப் பூ நம் வீட்டுக் கொல்லையில் சாமிக்குப் பறிக்கிறோமே, அந்தச் செம்பருத்தியின் சாதி. அதைக் குத்திக்கொள்ள நீ அவ்வளவு தூரம் போயிருக்கவே வேண்டாம்.

அடுத்து அந்த முக்கோணங்கள். இதைத்தான் நீ பொறுமையாகப் படிக்க வேண்டும். ஹவாய் மக்களின் பழைய பச்சைக்குக் காக்காவு என்று பெயர். எலும்பில் சீப்பு மாதிரிச் செதுக்கிய ஊசியைத் தோலில் வைத்துச் சிறு கோலால் தட்டித் தட்டி ஏற்றுவார்கள். மை, குக்குய் கொட்டையை எரித்துப் பிடித்த கரி. ஆமணக்கெண்ணெய் விளக்கில் கரி பிடித்துக் குறத்தி குத்திய கதையை அம்மாச்சி வாயால் கேட்ட உனக்கு இது புதிதாக இருக்காது. அந்தப் பச்சையில் பூவைக் காண்பது அரிது. முக்கோணம், கட்டம், வரி, இவைதான் அதன் எழுத்து. அவை குலத்தையும் காவலையும் குறித்தவை. அரசி காமாமலுவின் மாமியார் கேயோபுவோலானி 1823-இல் இறந்தபோது, துக்கத்தில் காமாமலு தன் நாக்கிலேயே பச்சை குத்திக்கொண்டார். பக்கத்தில் இருந்த பாதிரியார் எல்லிஸ், வலிக்கவில்லையா என்று கேட்டதற்கு, வலி பெரிதுதான், அன்பு அதைவிடப் பெரிது என்று பதில் சொன்னாராம். இதைப் படித்த அன்று இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை. அப்புறம் அந்தக் கலை கிட்டத்தட்ட மறைந்தே போய், கியோனே நூனெஸ் போன்றவர்கள் சமோவா ஆசானிடம் போய்க் கற்றுவந்து மீட்ட பிறகுதான் மறுபடி தலையெடுத்தது. அப்படி மீட்டெடுத்த கோடுகளை, இரண்டு பூவுக்கு நடுவே இடம் காலியாக இருக்கிறது என்று நிரப்பப் போடுவது எனக்கு மனசுக்கு ஒப்பவில்லை. நம் குலதெய்வத்தின் சூலத்தை யாரோ ஒருவர் அழகுக்காகக் கையில் போட்டுக்கொண்டு வந்தால் அப்பாவுக்கு எப்படி இருக்கும் என்று யோசித்துப் பார். முக்கோணங்களை எடுத்துவிடச் சொல். இதில் மட்டும் நான் விட்டுக்கொடுக்கமாட்டேன்.

பூவைப் பச்சையாகக் குத்துவது அங்கே எப்படி வந்தது தெரியுமா? பெரும்பாலும் துறைமுகத்தில்தான். இரண்டாம் உலகப் போர்ச் சமயத்தில் ஹொனலூலூ ஹோட்டல் தெருவில் கப்பற்படைப் பையன்கள் வரிசையில் நின்று குத்திக்கொண்டார்கள். அந்தச் சைனாடவுன் பக்கம் பச்சை குத்துவதில் பேர்பெற்றவர் நார்மன் காலின்ஸ். செய்லர் ஜெர்ரி என்றால்தான் உங்கள் தலைமுறைக்குத் தெரியும். தடித்த கறுப்பு ஓரம், உள்ளே நாலைந்து அழுத்தமான நிறம். ஹுலா ஆடும் பெண், காதில் பூ, பின்னால் தென்னை. 1930-களில் எலரி சுன் என்ற ஹொனலூலூ வணிகர் அலோஹா சட்டை என்ற பெயரைப் பதிவு செய்து விற்றார். அந்தச் சட்டைத் துணிகளில் அச்சான செம்பருத்தியும் உன் படத்தில் இருப்பதும் அக்கா தங்கை மாதிரி இருக்கின்றன. ஊரைவிட்டு வந்து, உயிரோடு திரும்புவோமா என்று தெரியாத பத்தொன்பது இருபது வயதுப் பிள்ளைகள் அந்தப் பூவைக் கையில் ஏந்திப் போனார்கள். அதற்கும் ஒரு மதிப்பு உண்டு. அந்த பாணியில் நீ கேட்டால் நான் தடுக்கமாட்டேன். தடித்த ஓரம் இருப்பதால் வருஷம் போனாலும் வடிவம் நிற்கும் என்பதையும் சேர்த்துச் சொல்கிறேன்.

நீ காட்டிய மூன்றாவது படம், ஓரமே இல்லாமல் தண்ணீர்ச் சாயம் வழிந்த மாதிரி இருக்கிறதே, அது வேண்டாம். நம் தோல் நிறத்தில் வெள்ளையும் இளமஞ்சளும் வெளிறிய ரோஜாவும் எடுபடாது. மை தோலுக்கு அடியில் போகிறது. மேலே நம் மாநிறம் கண்ணாடித்தாள் மாதிரி மூடிக்கொள்ளும். படத்தில் இருக்கும் பெண்ணின் தோள் வெள்ளை. ஈழத்தலரியின் அழகே அந்த வெள்ளையும் மஞ்சளும்தான், அது உன் தோளில் பழுப்பாகிவிடும். மயிரிழைக் கோடும் நாளாவட்டத்தில் பரவிவிடும். அம்மாச்சியின் கோலக்கோடு சின்ன வயதில் ஊசி நுனி அகலம் இருந்ததாம். நாம் பார்த்தபோது துவரம்பருப்பு அகலம்.

நான் அங்கே பார்த்த பூக்களில் எனக்குக் கண் கலங்கியது இரண்டைப் பார்த்துத்தான். ஒன்று, எரிமலைப் பக்கம் பார்த்த லெஹுவா. அது பூக்கும் மரம் ஓஹியா, நம் நாவலின் குடும்பம்; நாவல் பூ மாதிரியே இதழைவிட மகரந்தத் தாள்தான் பெரிது, செக்கச்செவேலென்று ஒரு குஞ்சம். குளிர்ந்து கறுத்த எரிமலைக் குழம்பின் வெடிப்பில் முதலில் தலைகாட்டும் மரங்களில் அது ஒன்று. எரிமலைத் தெய்வம் பேலே, ஓஹியா என்ற இளைஞனை விரும்பினாள். அவன் தன் காதலி லெஹுவாவை விட்டு வரமாட்டேன் என்றான். கோபத்தில் அவனை மரமாக்கினாள். மற்ற தெய்வங்கள் இரங்கி லெஹுவாவை அந்த மரத்திலேயே பூவாக்கின. பூவைப் பறித்தால் இருவரையும் பிரித்ததாகும், மழை பெய்யும் என்பார்கள். இப்போது ஒரு பூஞ்சை நோய் அந்த மரங்களை லட்சக்கணக்கில் கொன்றுகொண்டிருக்கிறது. பாதை தொடங்கும் இடத்தில் செருப்பு மண்ணைத் தேய்த்து, ஸ்பிரிட் தெளித்துக்கொண்டு போனோமே, அது அதற்காகத்தான். நீ அவசரமாகத் தேய்த்தாய். நான் உன் செருப்பை வாங்கி மறுபடி தேய்த்தேன்.

இன்னொன்று நௌபகா. கடற்கரையோரப் புதரில் பறித்து உள்ளங்கையில் வைத்துக் காட்டினேன். ஐந்து இதழும் ஒரே பக்கம், விசிறி மாதிரி. மறுபாதியை யாரோ கிள்ளி எடுத்த மாதிரி இருக்கும். மலையில் இதன் உறவுச் செடி ஒன்று உண்டு, அதிலும் அரைப் பூதான். பிரிக்கப்பட்ட காதலர் இருவர், காதலியின் காதில் இருந்த பூவை இரண்டாகக் கிழித்து, ஒருவர் மலைக்கும் ஒருவர் கடலுக்கும் போனார்கள் என்பது கதை. மண்டபம், ராமேஸ்வரம் கரையிலும் இந்த இனம் வளர்கிறது, மணலில் கவனித்துப் பார்த்தால் தெரியும். எனக்கு மிகவும் பிடித்த பூ. ஆனாலும் உன் உடம்பில் அது வேண்டாம் பாப்பா. பிரிந்தவர்களின் பூவை நான் பெற்ற பிள்ளையின் தோளில் பார்க்க எனக்குத் தெம்பு இல்லை.

நான் கேட்பது பீக்காக்கே.

அது நம் குண்டுமல்லிதான், மதுரை மல்லியின் அதே இனம். ஹவாய்க்கு வந்தேறியது, அதிலும் சந்தேகமில்லை. ஆனால் அங்கே அதற்கு ஒரு வரலாறு இருக்கிறது. இளவரசி காயுலானி வைகிகியில் இருந்த தன் வீட்டில் மயில்களை வளர்த்தார், இந்த மல்லியையும் உயிராக நேசித்தார். மயிலைக் குறிக்கும் ஆங்கிலச் சொல்லை ஹவாய் நாக்கு பீக்காக்கே என்று திருப்பிக்கொண்டது, அதுவே மல்லிக்கும் பெயராயிற்று. காயுலானி 13 வயதில், 1889-இல், படிக்க இங்கிலாந்து அனுப்பப்பட்டார். ஒன்றிரண்டு வருஷம் என்று போனவர் 1897-இல்தான் ஊர் திரும்ப முடிந்தது. அதற்குள் அரசைக் கவிழ்த்துவிட்டார்கள். 1899-இல், 23 வயதில், இறந்துபோனார். தூர தேசத்தில் உட்கார்ந்து வீட்டுத் தோட்டத்தை நினைத்த ஒரு பெண்ணின் பூ அது. இன்றைக்கும் அங்கே மணப்பெண்ணின் கழுத்தில் பீக்காக்கே சரம் சரமாகத் தொங்கும். நீ அழைத்துப்போன மாலைக் கடையில் அந்த அம்மா கோத்ததைப் பார்த்தேன். விரியாத மொட்டை எடுத்து, நடுவே நீள ஊசியை ஓட்டி, நூலில் இறக்குகிறார். நாம் காம்போடு காம்பு சேர்த்து முடிச்சுப் போட்டுத் தொடுக்கிறோம், அங்கே கோக்கிறார்கள். நான் ஒரு முழம் தொடுத்துக் காட்டியதும் அவர் கையைத் துடைத்துக்கொண்டு என் பக்கத்தில் வந்து உட்கார்ந்ததை நீ படம் பிடித்தாயே, அந்தப் படத்தை எனக்கு மறுபடி அனுப்பு.

மல்லி வெள்ளைதானே, எடுபடாதே என்பாய். வெள்ளை மையே வேண்டாம். கறுப்புக் கோடும் சாம்பல் நிழலும் போதும், மொட்டின் வெள்ளைக்கு உன் தோலையே விட்டுவிடச் சொல். இலைக்கு அடர்த்தியான நிழல் கொடுத்தால் மொட்டு தானாக எழுந்து தெரியும். தோள் முழுவதும் வேண்டாம், முன்கையில் உள்ளங்கை அகலம் போதும்.

ஒரே ஒரு பயம். காது குத்தியபோது உன் வலது மடலில் தழும்பு மொச்சைக்கொட்டை அளவு தடித்து, ஊசி போட்டுத்தான் அமுங்கியது. அந்த வாகு உள்ள உடம்புக்குப் பச்சை குத்தினாலும் அப்படி ஆகலாம். முதலில் தோல் மருத்துவரிடம் காட்டு. அவர் சரி என்றால், மறைவான இடத்தில் ஒரு புள்ளி குத்தி மூன்று மாதம் பொறுத்துப் பார். குத்தியபின் புண் ஆறும்வரை கடலில் இறங்காதே, வெயில் படாமல் பார்த்துக்கொள். ஊசியை உன் கண்முன்னால் உறை பிரிக்கச் சொல்.

இதோடு ஒரு தாள் வைத்திருக்கிறேன். வாசல் மல்லியில் நேற்று நாலரை மணிக்கு, மொட்டு இறுக்கமாக இருக்கும்போதே, ஒரு கொத்தைப் பார்த்து வரைந்தது. மூன்று மொட்டு, பாதி விரிந்தது ஒன்று. குத்துபவரிடம் அப்படியே கொடு. இலைகள் கணுவில் எதிரெதிராக ஜோடியாக இருக்கின்றன, அதை மட்டும் அழகுக்காக மாற்றி மாற்றி வரைய விடாதே.

அப்பாவிடம் நான் பேசிக்கொள்கிறேன்.

அம்மா