கதிர் அடிக்க எங்களையும் சேத்துக்கிட்டவங்களுக்கு நன்றி

எல்லாருக்கும் வணக்கம். கனடாவுல சாஸ்கடூன் பக்கத்துல ஒரு சின்ன ஊர்ல போன சனிக்கிழமை பழைய ஸ்டீம் இன்ஜின் வச்சு கோதுமை கதிர் அடிச்சு காட்டினாங்க, நம்ம தமிழ் கிளாஸ் பிள்ளைங்கள கூட்டிட்டு போயிருந்தோம். உதவி பண்ணவங்களுக்கு இங்கிலீஷ்ல கார்டு போட்டாச்சு, ஆனா அவங்க என்ன செஞ்சாங்கன்னு நம்ம ஆளுங்களுக்கும் தெரியணும்னுதான் இத எழுதுறேன்.

மொத நன்றி இன்ஜின் தாத்தாவுக்கு. எண்பது வயசு தாண்டியாச்சு, நாங்க பத்து மணிக்கு போய் எறங்குறோம், அவரு விடியறதுக்கு முன்னாடியே வந்து நெருப்பு போட்டு பாய்லர சூடேத்தி வச்சிருக்காரு. அந்த காலத்துலயும் இப்படித்தானாம், ஃபயர்மேன் இருட்டோட எந்திரிச்சாதான் மத்தவங்க வரும்போது ஸ்டீம் ரெடியா இருக்கும். இன்ஜினுக்கும் கதிர் அடிக்கற த்ரெஷிங் மெஷினுக்கும் நடுவுல எதுக்கு அவ்ளோ நீள பெல்ட்டுன்னு ஒரு பொண்ணு கேட்டா. பொறி பறந்து வைக்கோல்ல விழுந்தா எல்லாம் போச்சு, அதான் தள்ளி நிறுத்துறதுன்னு சொன்னாரு, எட்டு மாதிரி ஒரு முறுக்கு போட்டு மாட்டினா காத்தடிச்சாலும் சீக்கிரம் கழண்டு வராதுன்னு தன் இடுப்பு பெல்ட்டையே கழட்டி செஞ்சு காமிச்சாரு.

கட்டு நிறுத்த சொல்லிக்குடுத்த அண்ணன் தம்பி ரெண்டு பேருக்கும் நன்றி. பைண்டர்ங்கற மெஷின் அறுத்து கயிறு போட்டு கட்டித் தள்ளுற கட்டுங்கள எட்டு பத்தா சேத்து, கதிர் மேல இருக்கற மாதிரி ஒண்ணுமேல ஒண்ணு சாய்ச்சு நிறுத்தணும், அதுக்கு ஸ்டூக்னு பேரு, அப்பதான் நல்லா காயும், மழை பேஞ்சாலும் தண்ணி வழிஞ்சுடும். நம்ம பசங்க நிறுத்துன மொத மூணும் விழுந்துடுச்சு, கொஞ்சங்கூட சலிச்சுக்கல அவங்க.

அந்த காலத்துல இங்க இருந்தவங்க, 1872ல வந்த கனடா நிலச் சட்டத்துல பத்து டாலர் கட்டி 160 ஏக்கர் நிலம் பதிஞ்சுக்கிட்டு வந்த குடும்பங்க, பக்கத்து வீட்டுக்கே ரொம்ப தூரம் நடக்கணும், மெஷின் வாங்கற வசதி முக்காவாசி பேருக்கு கெடையாது. அதனால ஒரே மெஷின் பண்ணை பண்ணையா போகும், அது கூடவே எல்லாரும் போவாங்க, இன்னிக்கு உன் வயலு நாளைக்கு என் வயலு. அதுவும் பத்தாம கிழக்குல இருந்து ரயில் ரயிலா ஆள் வந்து எறங்குவாங்களாம்.

கிச்சன்ல நின்ன அம்மாவுக்கு எப்படி நன்றி சொல்றதுன்னே தெரியல. அவங்க பாட்டி இருபது பேருக்கு ஒரு நாளைக்கு அஞ்சு வேளை போடுவாங்களாம், அதுல ரெண்டு வேளை வயலுக்கே தூக்கிட்டு போகணும், பக்கத்து பண்ணை பொம்பளைங்க தட்டு, ஸ்பூனெல்லாம் அவங்கவங்க வீட்லேருந்து எடுத்துட்டு வந்து கூட நிப்பாங்களாம். மெஷின பத்தி பேசற அளவுக்கு இவங்கள யாரும் பேசறதில்ல, எனக்கு அது நெஜமாவே வருத்தம். நம்ம பிள்ளைங்கள்ல சிலபேர் கறி சாப்பிட மாட்டாங்கன்னு தெரிஞ்சதும் அவங்களுக்குன்னு தனியா உருளைக்கிழங்கு வேக வச்சாங்க, கெளம்பறப்ப அவங்க சுட்ட ஆப்பிள் பை (pie) ஒண்ண முழுசா தட்டோட கையில குடுத்துட்டாங்க.

அந்த பை தட்டு இன்னும் எங்கிட்டதான் இருக்கு. வெறும் தட்டா திருப்பிக் குடுக்கக்கூடாதுல்ல, தீபாவளிக்கு அதிரசம் சுடுறவங்க யாராவது இருந்தா சொல்லுங்க, நானே வந்து வாங்கிட்டுப் போய் குடுத்துட்டு வரேன்.