பிடோக்கில் பறப்பது எந்தப் பூச்சி?

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சிங்கப்பூரின் பிடோக் நீர்த்தேக்கத்தை ஒட்டிய வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) புளோக்குகளில் குடியிருப்போருக்கு, ஆண்டின் சில வாரங்களில், விளக்கு போடும் நேரம் வந்தாலே ஒரு வேலை கூடிவிடும். சன்னல்களைச் சாத்த மறந்தால் மறுநாள் காலையில் விளக்குக்கு நேர்கீழே சிறு பூச்சிகள் கும்பலாகச் செத்துக் கிடக்கும். இவற்றைக் 'கடிக்காத கொசு' என்று நாங்கள் பேச்சில் சொல்வதுண்டு. செய்தியாக எழுதும்போது 'கடிக்காத' என்பது உதிர்ந்து வெறும் 'கொசு' ஆகிவிடுவதால், டெங்கி அச்சம் தேவையில்லாமல் கிளம்பிவிடுகிறது.

மிட்ஜ் எனப்படும் இப்பூச்சிக்கு இரத்தம் உறிஞ்சும் வாயுறுப்பு கிடையாது. ஏடிஸ் கொசுவைப்போல இது டெங்கியைப் பரப்புவதில்லை. சிலருக்கு ஒவ்வாமை வரலாம், அவ்வளவுதான். பூந்தொட்டித் தட்டில் தேங்கிய நீரைக் கொட்டினால் ஏடிஸ் குறையும், மிட்ஜ் குறையாது. ஏனெனில் அதன் புழுக்கள் வாழ்வது நீர்த்தேக்கத்தின் அடிச்சேற்றில். (மீன்தொட்டி வைத்திருப்போர் கடையில் வாங்கும் சிவந்த இரத்தப்புழுவும் இதே குடும்பத்தைச் சேர்ந்ததுதான்.)

பிடோக்கில் தொல்லை தரும் இனத்தின் பெயர் பாலிபெடிலம் நூபிஃபர். 1889ஆம் ஆண்டில் ஆஸ்திரேலியப் பூச்சிகளை ஆராய்ந்த ஸ்கூஸ் இதை முதலில் விவரித்தார். அங்கே பெர்த் நகரின் சதுப்பு ஏரிகளைச் சுற்றி வாழ்வோரும் இதே இனத்தின் படையெடுப்பைப் பற்றிப் புலம்பியவர்கள்தாம். ஆப்பிரிக்கா, இந்தியா, ஜப்பான் ஆகிய இடங்களிலும், பசிபிக்கின் நடுவில் ஹவாயிலும், அதற்கும் அப்பால் அமெரிக்காவின் புளோரிடாவிலும் இது பதிவாகியிருக்கிறது. இவ்வளவு அகன்ற பரவலைப் பார்த்த பின்னரும், இப்பூச்சி நம் வட்டாரத்துக்கு மட்டும் வாய்த்த சாபம் என்றோ, அண்டைவீட்டார் குப்பையைக் கட்டிப் போடாததன் விளைவு என்றோ பேசுவது பொருந்தாது என்பது என் கருத்து. வெதுவெதுப்பான, ஊட்டச்சத்து மிகுந்த தேங்குநீர் கிடைத்தால் அது பெருகும். மணல் தோண்டிய பள்ளத்திலிருந்து உருவாகி 1986இல் நிறைவடைந்த நம் நீர்த்தேக்கமும் அதற்கு அத்தகைய ஓர் இடம்.

ஆனால் தீவின் மேற்கே, பாண்டான் நீர்த்தேக்கத்தில் தொல்லை தருவது இந்த இனமே அன்று. 2013இல் வெளியான ஆய்வொன்று இரண்டு நீர்த்தேக்கங்களின் பூச்சிகளையும் ஒப்பிட்டு, பாண்டானில் இருப்பது டானிடார்சஸ் ஆசிலான்ஸ் என்னும் வேறொன்று என்று காட்டியது. சுமார் இருபது கிலோமீட்டர் தொலைவுக்குள் இரண்டு நீர்நிலைகள், இரண்டு பூச்சிகள்! வெளித்தோற்றத்தில் ஒன்றுபோலவே இருப்பதால், விளக்கடியில் கூட்டிப் பெருக்கும் நமக்கு வேறுபாடு தெரியாது. பேரினம் (நெருங்கிய இனங்களின் தொகுப்பு) ஒன்றாயிருப்பினும் இனத்துக்கு இனம் குணம் எவ்வளவு மாறும் என்பதற்கு ஒரு சான்று: பாலிபெடிலம் பேரினத்தைச் சேர்ந்த ஆப்பிரிக்க இனமொன்றின் புழு, பாறைக்குழி வற்றும்போது தானும் உலர்ந்து சருகாகி, மழை வந்ததும் மீண்டும் நெளியத் தொடங்கும்; நம் பிடோக் புழுவோ உலர்ந்தால் செத்துவிடும்.

நீர்த்தேக்கங்களைப் பராமரிக்கும் பொதுப் பயனீட்டுக் கழகம் புழுக்களை அழிக்கும் பிடிஐ என்ற நுண்ணுயிர் மருந்தை நீரிலும், கரையோரச் செடிகளில் புகைமருந்தையும் பயன்படுத்தி வந்துள்ளது. ஒரு நீர்த்தேக்கத்தில் பலித்தது மற்றொன்றில் அப்படியே பலிக்கும் என்று நாம் எண்ணிக்கொள்வதற்கில்லை. எனவே அடுத்த முறை இது குறித்துச் செய்தி வெளியிடும்போது, எந்த நீர்த்தேக்கம், எந்த இனம் என்பதையும், 'கொசு' என்பதற்குப் பதில் 'மிட்ஜ்' என்ற சொல்லையும் சேர்த்து அச்சிடுமாறு தங்களைக் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
பிடோக் வாசகர் ஒருவர்