50 வெள்ளி நோட்டில் காயும் கருவாடு: கலைக்கூடப் பொறுப்பாளர்களுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய பொறுப்பாளர்களுக்கு,

வணக்கம். சீனாவிலிருந்து சிங்கப்பூருக்கு வந்த ஓவியர்கள் வரைந்த நன்யாங் ஓவியங்களுக்குப் பக்கத்தில் தமிழ் விளக்கம் வையுங்கள் என்று இரண்டு முறை எழுதிவிட்டேன். பரிசீலிப்பதாகப் பதில் வந்தது, அவ்வளவுதான். போன ஞாயிற்றுக்கிழமைக்குப் பிறகு பொதுவில் எழுதாமல் இருக்க முடியவில்லை.

அன்று கட்டுமானத் தளத்தில் வேலை செய்யும் ராமநாதபுரத்துத் தம்பி ஒருவரை உங்கள் கூடத்துக்கு அழைத்து வந்தேன். அந்த ஓவியர்களில் ஒருவரான சியோங் சூ பியெங்கின் ஓவியங்களில் நீண்ட கைகளோடு நிற்கும் பெண்களைக் கொஞ்ச நேரம் பார்த்தவர், பர்சிலிருந்து 50 வெள்ளி நோட்டை எடுத்துப் பின்பக்கம் திருப்பினார். "அண்ணே, இதுவும் இவர் வரைஞ்சதா? எங்க ஊர் மாதிரியே கருவாடு காயப்போடுறாங்க!" யாரும் சொல்லாமல் அவராகவே கண்டுபிடித்தார். அப்புறம் சுவரில் இருந்த குறிப்பைப் படிக்கப் போனார். தமிழில் ஒரு வரி இல்லை. பேசாமல் நோட்டை மடித்து உள்ளே வைத்துக்கொண்டார்.

அந்தக் குறிப்பில் அவருக்குச் சொல்ல எவ்வளவு இருக்கிறது! பிரிட்டிஷ் ஆட்சியில், 1938இல், லிம் ஹாக் தாய் கேலாங்கில் நன்யாங் நுண்கலைக் கழகத்தைத் தொடங்கினார். சீனாவிலிருந்து தூரிகையோடு வந்தவர்கள், தென்னையும் அத்தாப்பு ஓலைக் குடிசையும் உள்ள மண்ணில் பனிமலையையே வரைந்துகொண்டிருப்பதா என்று கேட்டார்கள். சென் சோங் ஸ்வீ கம்பத்து (கிராமத்து) வாழ்க்கையைச் சீன மையில் தீட்டினார். சென் வென் ஸி, சீனாவின் சோங் அரசர்கள் காலத்துத் துறவி ஓவியர் மூச்சியின் கிப்பன் என்னும் வாலில்லாக் குரங்குகளைப் படத்தில் பார்த்து வரைந்தவர். பிறகு கிப்பனை விலைக்கு வாங்கி வீட்டிலேயே வளர்த்து, அது தாவுவதைப் பார்த்துப் பார்த்து வரைந்தார். அதே நோட்டில் அந்தக் குரங்குகளும் இருக்கின்றன. இவர்கள் ஆளுகிறவர்களின் ரசனைக்கும் போகவில்லை, முன்னோரின் மையையும் விடவில்லை. கடல் கடந்து வந்த தமிழனுக்கு இந்தத் தவிப்பு புரியாதா?

தமிழ் இங்கே அதிகாரத்துவ மொழி. ஆனால் பெயர்ப்பலகையில் பிழையோடு வந்தாலும் போதும், இல்லாவிட்டாலும் யாரும் கேட்கமாட்டார்கள் என்ற நினைப்பு பல இடங்களில் இருக்கிறது. அது வலிக்கிறது. சரி, அதை எல்லாம் உங்கள் தலையில் போடுவது நியாயமில்லை.

நான் பணிவோடு கேட்பது ஒன்றுதான்: அந்த ஓவியங்களுக்குத் தமிழ் விளக்கம் வையுங்கள். சுவரில் இடம் இல்லையென்றால் கையில் எடுத்துப் பார்க்கும் அட்டை போதும். மொழிபெயர்ப்பை நானே செய்து தருகிறேன், பணம் வேண்டாம்.

அடுத்த மாதம் அறை நண்பர்கள் இரண்டு பேரைக் கூட்டி வருவதாகத் தம்பி சொல்லியிருக்கிறார். அதற்குள் ஒரு சுவருக்காவது வைத்துவிடுங்கள்.

அன்புடன்,
உங்கள் கூடத்துக்கு அடிக்கடி வரும் ஒருவன்